பிழையை யார் பார்ப்பது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையிருந்தால் படியுங்கள். மென்பொருள் வேலையில் இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள், தப்பு இருந்தால் திருத்துங்கள்.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். பெங்களூரில் வேலை. கூடவே அவள் அப்பாவும் வந்தார். சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையில் முப்பது வருடம் ஷிப்டு பார்த்து ஓய்வு பெற்றவர். காபி ஆறுவதற்குள் அந்தப் பெண் அலுவலகச் சண்டையை ஆரம்பித்துவிட்டாள்.

"சார், எங்க டீம்ல பழைய ஜாவா நிரலை எல்லாம் கோ மொழிக்கு மாத்துறாங்க. மூணு வரி எழுதினா ஒரு தடவை 'பிழை வந்துச்சா'ன்னு கேக்கணும். கை வலிக்குது. பாதிப் பேரு ரஸ்ட்தான் நல்லதுங்கறாங்க. எது சார் சரி?"

நான் அடிப்படையில் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்துக்குக் கணினி வந்தபோது, 'கணக்கு தெரிஞ்சவர்தானே' என்று என் தலையில் கட்டினார்கள். அப்படிப் பழகியதுதான். யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் அப்பா குறுக்கே பேசினார்.

"எங்க பிளான்ட்லயும் இதே சண்டைதாம்மா. ஒரு டேங்க் நிரம்பி வழியப் போவுதுன்னு வை. மூணு விதமாத் தெரியும். ஒண்ணு, கேஜ்ல முள்ளு ஏறியிருக்கும். நீ போய்ப் பார்த்தாத்தான் உண்டு. ரெண்டு, ஹூட்டர் அலறும். பார்க்கலன்னாலும் காதுல விழும். மூணு, ட்ரிப் ஆயிடும். பம்பே நின்னுடும், உன்னைக் கேக்காது. மூணும் வேணும். எதை எங்க வைக்கிறதுங்கறதுலதான் சண்டை."

நிரல் மொழிகளின் அறுபது வருட வரலாற்றை அவர் மூன்று சொல்லில் முடித்துவிட்டார். முள், ஹூட்டர், ட்ரிப். அன்று அவளுக்குப் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் முள்.

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கினார். அன்றைய கணினியில் நினைவகம் கிலோபைட் கணக்கில்தான். அதனால் மொழியில் பிழைக்கென்று தனி ஏற்பாடு வைக்கவில்லை. ஒரு செயற்கூறு, நம் பிள்ளைகள் ஃபங்ஷன் என்பார்கள், தன் வேலையை முடிக்க முடியாவிட்டால் மைனஸ் ஒன்று மாதிரி ஒரு எண்ணைத் திருப்பித் தரும். கூப்பிட்டவர் அதைப் பார்த்து, 'ஓ, நடக்கவில்லை' என்று புரிந்துகொள்ள வேண்டும். வேகமான முறை, எளிய முறை. என்ன நடக்கிறது என்பதெல்லாம் கண்ணெதிரே இருக்கும். ஆனால் முள்ளைப் பார்க்காமல் போனால் கேட்க ஆளில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சி மொழியில் எழுத்துச் சரத்தை எண்ணாக மாற்ற 'ஏடுஐ' என்று ஒரு செயற்கூறு இருக்கிறது. அதனிடம் '0' என்று கொடுத்தால் பூஜ்யம் தரும். 'கடலூர்' என்று கொடுத்தாலும் பூஜ்யம்தான் தரும். இது உண்மையான பூஜ்யமா, தெரியாததால் வந்த பூஜ்யமா என்று அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இங்கே என் சொந்தத் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசி. அப்போது நான் வேலை பார்த்த பள்ளிக்கு ஓர் அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது. பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வில் முதல் பத்து இடம் பெற்றவர்களின் பட்டியலை அனுப்பினால் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை தருவோம் என்றார்கள். கையால் கூட்டாமல் கணினியில் செய்கிறேன் என்று வீறாப்பாகச் சொல்லி, சி மொழியில் நிரல் எழுதினேன். மதிப்பெண் கிடைக்காத இடத்தில் என் செயற்கூறு மைனஸ் ஒன்று தரும். நான் அதைச் சோதிக்கவில்லை. அப்படியே கூட்டிவிட்டேன்.

ஒரு பெண்ணுக்கு ஒரு பாடத்தின் மதிப்பெண் தாள் வரவில்லை. அந்தப் பாட ஆசிரியர் விடுப்பில் இருந்தார். ஐந்து பாடத்தில் அவள் எடுத்தது 911. ஆறாவது மைனஸ் ஒன்று. மொத்தம் 910 என்று அச்சாகி வந்தது. வகுப்பில் முதல் ஐந்துக்குள் வரவேண்டியவள் எங்கோ நடுவில் போய்விட்டாள். மொத்தம் மைனஸில் வந்திருந்தால் எவர் கண்ணிலாவது பட்டிருக்கும். 910 என்பதோ நல்ல பிள்ளையாக மற்ற எண்களோடு வரிசையில் நின்றது. நானும் தலைமையாசிரியரும் கையெழுத்துப் போட்டோம். பட்டியல் தபாலில் போய்விட்டது.

விடுப்பு முடிந்து வந்த ஆசிரியர்தான், 'என்ன சார், அந்தப் பொண்ணு பேரைக் காணோமே' என்றார். அதற்குள் அங்கே தேர்வு முடிந்திருந்தது. எத்தனையோ கடிதம் எழுதிப் பார்த்தேன், பயனில்லை. பிறகு ஒரு சாயங்காலம் குடிகாடு பக்கம் இருந்த அவர்கள் வீட்டுக்குச் சைக்கிளில் போய் நடந்ததைச் சொன்னேன். அவள் அப்பா ஒப்பந்தத் தொழிலாளி. கோபப்படவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லாதா சார் அந்த மிசினு?"

அதன்பிறகு எந்தப் புது மொழியைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது இந்தக் கேள்விக்கான பதிலைத்தான்.

அடுத்து ஹூட்டர்.

அவர் கேட்ட அதே கேள்வியை மொழி அறிஞர்கள் முன்பே கேட்டிருந்தார்கள். 1960-களில் ஐபிஎம் கொண்டுவந்த பிஎல்/ஒன் மொழியில், இன்ன பிழை வந்தால் இன்னது செய் என்று தனியாக எழுதிவைக்கும் வசதி இருந்தது. 1970-களில் எம்ஐடியில் பார்பரா லிஸ்கோவ் குழுவினர் குளூ என்ற மொழியில் அதை ஒழுங்குபடுத்தினார்கள். அதைத்தான் இன்று எக்ஸெப்ஷன் என்கிறோம், தமிழில் விதிவிலக்கு. பின்னால் சி++, ஜாவா, பைத்தான் எல்லாவற்றிலும் இது வந்தது.

வகுப்பில் ஒரு பையன் மயங்கி விழுந்தால் ஆசிரியர் பாடத்தை அப்படியே நிறுத்துவார். தன்னால் முடியாவிட்டால் தலைமையாசிரியரிடம் தகவல் போகும். அவராலும் முடியாவிட்டால் ஆம்புலன்ஸ் வரும். பிழையும் அப்படித்தான், தன்னைச் சமாளிக்க ஆள் கிடைக்கும்வரை மேலே ஏறிக்கொண்டே போகும். யாரும் பிடிக்காவிட்டால் நிரலே நின்றுவிடும். மைனஸ் ஒன்று மாதிரி எண் வேஷம் போட்டுக்கொண்டு கூட்டத்தில் நுழைய முடியாது.

இதற்கும் விலை உண்டு. நிரலைப் படிக்கும்போது எந்த வரியிலிருந்து கட்டுப்பாடு தாவி ஓடும் என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு கணக்கில் பணம் எடுத்தாகிவிட்டது, இன்னொரு கணக்கில் போடுவதற்குள் ஹூட்டர் அலறுகிறது என்றால் பாதி வேலை அந்தரத்தில் நிற்கும். அதைச் சரிசெய்யும் பொறுப்பை எழுதுபவர் முன்கூட்டியே நினைத்து வைத்திருக்க வேண்டும்.

1995-ல் வெளிவந்த ஜாவா ஒரு படி மேலே போனது. சில வகைப் பிழைகளைப் பிடித்தே ஆகவேண்டும், இல்லையென்றால் மேலே அனுப்புகிறேன் என்று எழுதித்தர வேண்டும், இரண்டும் செய்யாவிட்டால் நிரலையே ஏற்க மாட்டேன் என்று கறாராகச் சொன்னது. நல்ல எண்ணம்தான். ஆனால் நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? பிழையைப் பிடிப்பதாகச் சொல்லி, பிடித்த இடத்தில் ஒன்றும் எழுதாமல் காலியாக விட்டார்கள். மொழிக்கும் திருப்தி, மேலாளருக்கும் திருப்தி. பிழை மட்டும் சத்தமில்லாமல் புதைந்தது. பின்னால் வந்த சி ஷார்ப் மொழியை வடிவமைத்தவர்கள் இந்தக் கட்டாயமே வேண்டாம் என்று விட்டதற்கு இதுவும் ஒரு காரணம். விஷுவல் பேசிக்கில் எழுதியவர்களுக்கு 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' ஞாபகம் இருக்கும். எந்தப் பிழை வந்தாலும் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்று பொருள்.

இதைச் சொன்னதும் மாணவியின் அப்பா சிரித்தார். "இதுக்குப் பேரு பைபாஸ் சார். ஹூட்டர் சும்மா சும்மா அடிச்சா ஒயரைக் கழட்டி விட்டுடுவாங்க. ஒண்ணும் ஆவாது. ஆவுற அன்னைக்கித்தான் தெரியும்."

சிப்காட் காற்றை முகர்ந்து வாழ்கிற நமக்கு போபாலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. 1984 டிசம்பர் 2 இரவு விஷவாயு கசிந்தபோது, தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரம் பராமரிப்பு வேலைக்காகத் துண்டிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றையும் நிறுத்தியபோது யாருக்கோ அது நியாயமாகத்தான் பட்டிருக்கும்.

நல்லவர்கள், அறிவாளிகள்கூட பைபாஸ் செய்வார்கள். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்எல்வி-3 ராக்கெட்டின் முதல் ஏவுதல். திட்ட இயக்குநர் நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாம். ஏவுவதற்குச் சில நிமிடங்கள் முன்பு கணினி, ஒரு பாகம் சரியில்லை என்று ஏவுதலை நிறுத்திவைத்தது. கூட இருந்த நிபுணர்கள் கணக்குப் போட்டு, போதிய எரிபொருள் இருக்கிறது, கவலை வேண்டாம் என்றார்கள். கலாம் கணினியைப் பைபாஸ் செய்து ஏவினார். முதல் கட்டம் நன்றாகப் போனது. இரண்டாம் கட்டத்தில் கோளாறு. ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. இதைப் பின்னாளில் பல மேடைகளில் சொன்னவர் கலாமேதான். அன்று பத்திரிகையாளர்களைச் சந்தித்துத் தோல்விக்குப் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-ல் வெற்றி பெற்றபோது, நீங்கள் போய்ப் பேசுங்கள் என்று கலாமை அனுப்பினார். எல்லோரும் அந்தப் பெருந்தன்மையைப் பேசுவோம். நான் வகுப்பில் கூடவே இதையும் சொல்வேன்: கணினி அன்று 'எனக்குச் சரியாகப் படவில்லை' என்று சொல்லத்தான் செய்தது.

மூன்றாவது ட்ரிப்.

அப்படியானால் பிழை வந்ததும் யாரையும் கேட்காமல் நிறுத்திவிட்டால் போதுமா? அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1996 ஜூன் 4. தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் கூரூ ஏவுதளம். ஐரோப்பாவின் புதிய ஏரியன்-5 ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. அதன் திசையறியும் கருவியின் மென்பொருள் ஏடா மொழியில் எழுதப்பட்டது, பழைய ஏரியன்-4 ராக்கெட்டிலிருந்து எடுத்து வைத்தது. ஏரியன்-5 வேகமானது. ஒரு பெரிய எண்ணை 16 பிட் இடத்துக்குள் திணிக்க வேண்டி வந்தது. அந்த இடத்தில் 32,767-க்கு மேல் கொள்ளாது. படிக்குள் மரக்காலைக் கொட்டின மாதிரி.

ஏடா மொழி தன் கடமையைச் செய்தது, ஹூட்டர் அடித்தது. ஆனால் அதைப் பிடிக்க அங்கே ஆள் வைக்கவில்லை. இந்த மாதிரி ஆபத்துள்ள ஏழு இடங்களில் நான்குக்குத்தான் பாதுகாப்பு எழுதியிருந்தார்கள். கணினிக்குச் சுமை கூடக்கூடாது என்று மூன்றை விட்டுவிட்டார்கள். பிழை வந்தால் கருவி கெட்டுவிட்டது என்று பொருள், அதை நிறுத்திவிட்டு மாற்றுக் கருவிக்குப் போ என்பது அவர்கள் வகுத்த விதி. மாற்றுக் கருவியிலும் ஓடியது அதே மென்பொருள்தான். அதுவும் அதே பிழையில் நின்றுபோயிருந்தது.

நின்றுபோன கருவி 'எனக்கு இன்ன கோளாறு' என்று ஒரு தகவலை அனுப்பியது. ராக்கெட்டின் முதன்மைக் கணினி அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளவில்லை. பறக்கும் நிலையைக் காட்டும் எண் என்று நினைத்து, அதற்கேற்ப ராக்கெட்டைத் திருப்பியது. புறப்பட்டு நாற்பது விநாடிக்குள் ராக்கெட் உடைந்து, தன்னைத்தானே வெடித்துக்கொண்டது. நான்கு செயற்கைக்கோள்கள் போயின. இன்னொரு வேடிக்கை, அந்தக் கணக்கு ராக்கெட் தரையை விட்டுக் கிளம்பிய பிறகு தேவையே இல்லாதது.

விசாரணை அறிக்கையைப் பற்றிப் பிற்பாடு படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிழைத் தகவலை எண்ணாக எடுத்துக்கொண்ட கதை. அங்கே ஐரோப்பாவின் பெரிய பொறியாளர்கள், இங்கே ஒரு கணக்கு வாத்தியார். தப்பு ஒன்றுதான்.

ஆக, ட்ரிப் ஆவது மட்டும் போதாது. ட்ரிப் ஆன பிறகு யார் எழுப்புவது, எப்படி எழுப்புவது என்பதும் வேண்டும். 1969-ல் அப்பல்லோ-11 நிலவில் இறங்கும் நேரத்தில் கணினியில் 1202 என்ற எச்சரிக்கை வந்தது. வேலைப்பளு தாங்கவில்லை என்று பொருள். அந்தக் கணினி, மார்கரெட் ஹாமில்டன் குழுவினர் எழுதிய மென்பொருளின்படி, தன்னை நொடியில் மறுதொடக்கம் செய்து, முக்கியமில்லாத வேலைகளைக் கைவிட்டு, இறங்குவதற்கு வேண்டியதை மட்டும் தொடர்ந்தது. 1980-களில் ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில் ஜோ ஆம்ஸ்ட்ராங்கும் நண்பர்களும் தொலைபேசி இணைப்பகங்களுக்காக எர்லாங் என்ற மொழியைச் செய்தபோது இதையே கொள்கையாக்கினார்கள். சின்னச் சின்ன வேலையாட்கள், அவர்களுக்கு மேலே ஒரு மேற்பார்வையாளர். ஒருவன் விழுந்தால் விழட்டும், மேற்பார்வையாளர் அந்த இடத்தில் புதிய ஆளை நிறுத்துவார். ஒரு அழைப்பு அறுந்தால் மற்ற ஆயிரம் அழைப்புகள் அறுகக்கூடாது. தொலைபேசிக்கு இது பொருந்தும். வண்டியின் பிரேக்கை 'விழட்டும், மறுபடி எழுப்பிக்கலாம்' என்று விட முடியுமா?

இப்போது மாணவியின் கேள்விக்கு வருகிறேன்.

2009-ல் கூகுள் வெளியிட்ட கோ மொழி, ஹூட்டரை ஓரங்கட்டிவிட்டுப் பழைய முள்ளுக்கே திரும்பியது. அதை வடிவமைத்தவர்களில் ஒருவர் யூனிக்ஸ் உருவாக்கிய அதே கென் தாம்ஸன். ஆனால் ஒரு திருத்தம் செய்தார்கள். விடை ஒரு கையில், பிழை இன்னொரு கையில் என்று இரண்டையும் தனித்தனியாகத் தருகிறது. மைனஸ் ஒன்று மதிப்பெண்ணோடு கலக்க வழியில்லை. கை வலிக்க எழுத வேண்டியிருக்கிறது என்ற புகார் வருடக்கணக்காக உண்டு. மாற்று வழிகள் பலவற்றைப் பரிசீலித்துவிட்டு, இப்போதைக்கு மொழியில் மாற்றம் செய்வதாக இல்லை என்று 2025-ல் அந்தக் குழுவே சொல்லிவிட்டது. ஆனாலும் கோ மொழியில் பிழைக் கையைப் பார்க்காமல் உதறிவிட்டுப் போக முடியும்.

2015-ல் முதல் முழுப் பதிப்பு வந்த ரஸ்ட் அதையும் அடைக்கப் பார்க்கிறது. விடையும் பிழையும் ஒரே மூடிய டப்பாவில் வரும். திறந்து பார்க்காமல் உள்ளே இருக்கும் மதிப்பெண்ணைத் தொடவே முடியாது. பிழையை மேலே அனுப்ப ஒரு கேள்விக்குறி போட்டால் போதும், கையும் வலிக்காது. ஆனால் மொழியைக் கற்க நாளாகும், நிரலை ஏற்கவைக்கவே சில சமயம் மல்லுக்கட்ட வேண்டும். அதிலும் ஒரு பைபாஸ் உண்டு. அதன் பெயர் 'அன்ராப்'. உள்ளே நல்லதுதான் இருக்கும், திற, இல்லாவிட்டால் அப்படியே நின்றுவிடு என்று பொருள். 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சேவை நின்று, உலகெங்கும் பல இணையதளங்கள் முடங்கியது ஞாபகம் இருக்கிறதா? அளவுக்கு மேல் பெருத்துப்போன ஒரு கோப்பை, ரஸ்ட் நிரலில் இருந்த ஒரு அன்ராப் எதிர்பார்க்கவில்லை.

எந்த மொழியும் பிழையை இல்லாமல் ஆக்குவதில்லை. அதை யார் பார்ப்பது, எப்போது பார்ப்பது என்று மட்டும் தீர்மானிக்கிறது. எழுதுபவர் இன்றைக்கே பார்ப்பதா, ஓடும்போது மேலே உள்ளவர் பார்ப்பதா, யாரும் பார்க்காமல் கடைசியில் ஒரு பிளஸ் டூ பெண் அனுபவிப்பதா? எழுதுபவரின் கை வலியும் ஒரு விலைதான். ஆனால் அந்த விலையை நாம் கொடுக்காவிட்டால் வேறு யாரோ கொடுப்பார்கள், அவரிடம் யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

நம் பக்கத்து ஊர் உதாரணம் ஒன்று. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 இறங்குகலன் நிலவில் மோதியது. அடுத்ததற்குத் திட்ட இயக்குநர் விழுப்புரம் வீரமுத்துவேல், ரயில்வே ஊழியரின் மகன், விழுப்புரம் ரயில்வே பள்ளியில் படித்தவர். இந்த முறை எதெல்லாம் சரியாக நடக்கும் என்று தொடங்காமல், எதெல்லாம் கெட்டுப்போகலாம் என்று பட்டியல் போட்டு வடிவமைத்தோம் என்று அன்றைய இஸ்ரோ தலைவர் சோமநாத் விளக்கினார். 2023 ஆகஸ்ட் 23-ல் அது இறங்கியதை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

அதைவிடப் பக்கத்திலும் ஒன்று உண்டு. 2004-ல் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்து மக்கள் சிலர், சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்று சேர்ந்து, எந்த நேரத்தில், எந்தப் பக்கமிருந்து, என்ன மாதிரி நாற்றம் வந்தது என்று தாங்களே குறித்துவைக்க ஆரம்பித்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் பை பொருத்திக் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். கருவி இல்லாத இடத்தில் மனிதர்களே கேஜாகவும் ஹூட்டராகவும் நின்றார்கள். மென்பொருள்காரர்கள் இதை 'லாக்' என்பார்கள். நேரம், இடம், என்ன நடந்தது. என் நிரலில் நான் எழுதாமல் விட்டது அந்த ஒரு வரியைத்தான்.

மாணவியிடம் கடைசியாகச் சொன்னது இது. "கோவா ரஸ்டாங்கறதை உன் டீம் முடிவு பண்ணட்டும்மா. வங்கிக் கணக்கா, ஆஸ்பத்திரியா, சினிமா டிக்கெட்டான்னு பார்த்துக்க. எதுல எழுதினாலும், தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற மாதிரி எழுது. பிடிச்ச பிழையைக் காலியா விடாதே."

அவள் தலையாட்டினாள். அவள் அப்பா, "அதையும் ஒரு ஷிப்டு புக்குல எழுதிவைக்கச் சொல்லுங்க சார்" என்றார்.

அந்த இன்னொரு பெண் பின்னால் எப்படியோ சமாளித்துப் படித்தாள் என்று கேள்விப்பட்டேன். நேரில் பார்க்கவில்லை. இந்தப் பதிவு எப்படியாவது அவள் கண்ணில் பட்டால், அம்மா, உன் மொத்தம் 910 இல்லை. தப்பு என்னுடையது. அன்று உன் அப்பாவிடம் சொன்னேன், உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

உங்கள் வேலையிடத்தில் முள்ளா, ஹூட்டரா, ட்ரிப்பா? பைபாஸ் எங்கே இருக்கிறது? நேரம் இருந்தால் எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.